சிவப்பு எரிந்தால் தட்டக் கூடாது

அறையில் ஆளில்லை. ஆனால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தில்லியின் நவம்பர்ப் புகை மதியமே ஜன்னல்களை அடைத்துவிட்டிருந்தது. எல்லோரும் எல்லோரையும் பார்க்கட்டும் என்று சுவர்களை இடித்து ஆபீஸை ஒரே கூடமாக்கியபோது, தனியாகப் பேச இந்த ஒரு கண்ணாடி அறையை அமைத்தவள் மனிதவள அதிகாரி உமாமகேஸ்வரிதான். இளம்பச்சைப் பனிக்கண்ணாடி, நிழல் தெரியும், முகம் தெரியாது. உள்ளே அசைவிருந்தால் அறையில் வெளிச்சம், வாசலில் சிவப்பு. அசைவில்லையென்றால் உள்ளே இருட்டு, வாசலில் பச்சை. சிவப்பு எரிந்தால் தட்டக் கூடாது, பச்சை என்றால் காலி. சட்டமும் அவளுடையதே. பச்சை மனசை அமைதிப்படுத்தும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினாள். வேலை போகிறவர்களின் அழுகை வெளியே கேட்காதபடி சுவருக்குள் பஞ்சும் வைத்தாள்.

போன மாதம் கணக்குப் பிரிவு பட்டாபியை அங்கே வைத்துத்தான் வேலையைவிட்டு நிறுத்தினாள். மனுஷர் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டார். “கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அசைவில்லை; பச்சை எரிந்தது. அதைப் பார்த்து, அப்பாடா, கிளம்பிவிட்டார் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். மறுநாள் கூட்ட வந்த மஞ்சுதான் கண்டாள். இன்று அவள் துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“உள்ள சார் இருக்காரு மேடம். செவப்பு எரியுது பாருங்க.”

“சென்சார் கெட்டுப்போச்சு மஞ்சு. ஜல்தி கூட்டு.”

“மாட்டேன் மேடம். மதராசி கேம்ப்ல சர்க்கார் எங்க குடிசைய இடிச்சப்பகூட நான் இப்படிப் பயப்படல.”

இன்று பட்டியலில் அடுத்த ஆளான செல்வராஜை அங்கே அழைத்து வேலையைவிட்டு அனுப்பியாக வேண்டும். ஆபீஸ் முழுக்கப் பேய்ப் பேச்சு பரவினால் அவள் வேலைக்கே உலை. பயத்தை வெளிக்காட்டாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இரண்டு நாற்காலி. மேஜை. காகிதக் கைக்குட்டைப் பெட்டி. மெல்லிய தைல வாசனை.

அசையாமல் உட்கார்ந்தாள். வேறு யாருமில்லையென்றால் விளக்கு அணைய வேண்டும். ஏசியின் முனகலும் தன் மூச்சும் மட்டும் கேட்டன. அணைந்தது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

எழுந்தாள். விளக்கு எரியவில்லை.

கையை ஆட்டினாள். இருட்டு. கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. கண்ணாடிக்கு அப்பால் மஞ்சுவின் நிழல் நின்றது.

“மஞ்சு! கதவைத் தொற!”

பஞ்சு அவள் குரலைக் குடித்தது. மஞ்சு அண்ணாந்து பார்த்தாள். பச்சை. காலி. நகர்ந்தாள்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

விளக்கு எரிந்தது. அவள் அசையவேயில்லை. பனிக்கண்ணாடியில் அவள் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் எழுந்து நின்றது. மஞ்சு திரும்பினாள். சிவப்பைப் பார்த்தாள். சட்டப்படி தட்டவில்லை, தலை குனிந்து வேகமாக நடந்தாள்.

தைலம் தோய்ந்த விரல்கள் உமாமகேஸ்வரியின் தோளை மெதுவாக அழுத்தின.

“கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்க மேடம்.”