மணியின் நாக்கைத் திருடியவன்

"டீச்சரம்மா, என் தம்பியைத் துரத்தப் போறாங்க!"

கதவைத் தட்டக்கூட மறந்து உள்ளே ஓடிவந்தாள் நூலகத்தில் வேலை பார்க்கும் அக்கா. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த விடுதிக் காப்பாளர் அம்மா நாற்காலியைக் காட்டினார். அவருக்கு உதவியாக இருந்த மாணவிக்குப் 'பட்டாசு' என்று பெயர் வைத்தவர்கள் புண்ணியவான்கள். விஷயம் தெரியுமுன்பே அவள் செருப்பை மாட்டிவிட்டாள்.

விஷயம் இதுதான். அரசாங்கம் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பழைய நூற்பாலையில் தொடங்கி இது மூன்றாவது வருடம். பஞ்சுக் கிடங்கில்தான் வகுப்பு. ஆலைக் கோபுரத்தின் மணிதான் இவர்களுக்கும் மணி. அதை முதன்முதலில் சேர்ந்த மாணவர்கள் காவல் காப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அதன் உள்ளே தொங்கும் நாக்கைக் கழற்றிக்கொண்டு ஓடப் பார்ப்பார்கள். இதுவரை ஒருவனும் ஜெயித்ததில்லை.

இன்று காலை எழுப்பும் மணி அடித்தது. முதல் வகுப்புக்கு அடிக்கப் போனால் நாக்கைக் காணோம்! இடையில் கோபுரத்திலிருந்து இறங்கியவன் ஒட்டடைக்குச்சி என்கிற இந்தத் தம்பி ஒருவன்தான். புது மாணவர்கள் அவனைத் தோளில் தூக்கி ஆடித் தீர்த்துவிட்டார்கள். துணைவேந்தருக்கோ நாளைதான் முதல் பட்டமளிப்பு விழா. மத்தியானத்துக்குள் நாக்கு வராவிட்டால் பெட்டியைக் கட்டு என்று சொல்லிவிட்டார்.

"எடுத்தது நான்தான்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றான் டீச்சரம்மா. எங்கேன்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறான். எங்க வீட்டுல காலேஜ்ல படிக்க வந்த முதல் ஆள் அவன்."

"திறக்க மாட்டேங்கிறானா, திறந்தா சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார் அம்மா.

பட்டாசுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கோபுரப் படிகளில் தாவிக்கொண்டே புலம்பினாள். "இன்னிக்கு எல்லாமே கோளாறு! விடுதியில ஒருத்திக்கும் மணிச் சத்தம் கேக்கல. அத்தனை பேரும் தூங்கிட்டு, டிரில் வாத்தியார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டோம்."

அம்மா சட்டென்று நின்று அவளைப் பார்த்தார். பிறகு இரண்டிரண்டு படியாக ஏறினார்.

மேலே, நாக்கு தொங்கும் கொக்கி பாதியில் முறிந்திருந்தது. பச்சை பிடித்த மணியின் வெளிப்பக்கம் பளபளவென்று சில புதுத் தழும்புகள். அம்மா விரலால் தடவிவிட்டு, எல்லோரையும் கூப்பிடச் சொன்னார்.

துணைவேந்தர் மூச்சு வாங்க வந்தார். ஒட்டடைக்குச்சியும் அக்காவும் வந்தார்கள். தினமும் மணி அடிக்கும் மாணவர் தலைவன் கடைசியில் வந்தான்.

"நாக்கு இருந்தா மணி உள்ளேயிருந்து அடிபடும்," என்றார் அம்மா. "இது வெளியே அடிபட்டிருக்கு. சுத்தியலால தட்டினா சத்தம் விடுதி வரைக்கும் போகுமா? போகல. அப்போ காலையில மணி அடிக்கும்போதே நாக்கு இல்ல. இந்தப் பையன் ஏறினது அதுக்கப்புறம். காலையில அடிச்சது யாரு?"

"ஐயோ!" என்று பட்டாசு கத்தியேவிட்டாள்.

தலைவன் ஓரடி முன்னால் வந்தான்.

"நேத்து சாயந்தரம் நம்ம பல்கலைக்கழகம் முதல் தடவையா கால்பந்துல ஜெயிச்சுதே, அப்போ வெறி பிடிச்ச மாதிரி அடிச்சேன் சார். கொக்கி முறிஞ்சு நாக்கு விழுந்துடுச்சு. மூணு வருஷம் கட்டிக் காத்ததை நானே உடைச்சேன்னு எப்படிச் சொல்றது? மூலையில இருக்கிற அந்தத் தீயணைப்பு மணல் வாளியில புதைச்சேன். விடியல்ல சுத்தியலால தட்டிச் சமாளிச்சேன். காலையில இவனே எடுத்தேன்னு ஒத்துக்கிட்டான், நான் வாயை மூடிக்கிட்டேன்."

பட்டாசு இரண்டு கையாலும் மணலை வாரி இறைத்தாள். வந்துவிட்டது நாக்கு!

துணைவேந்தர் ஒட்டடைக்குச்சியின் தோளில் கை வைத்தார். "நீ வகுப்புக்குப் போப்பா." பிறகு தலைவனைப் பார்த்தார். "நாளைக்குப் பட்டம் உனக்குத்தான் முதல்ல தர்றதா இருந்தேன். இனிமே கடைசி."

அவர் இறங்கியதும் அக்கா தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எடுக்காததை எடுத்தேன்னு ஏண்டா சொன்னே, மடையா?"

"நான் ஏறினப்போ அங்கே ஒண்ணுமே இல்லக்கா. அதைச் சொல்லலாம்னுதான் இறங்கி வந்தேன். அதுக்குள்ள தோள்ல தூக்கிட்டாங்களே! இங்க வந்ததிலிருந்து என்னை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்ல."

அக்கா அடித்த இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.