பன்னிரண்டாவது ஈ

நெகட்டிவில் பதினோரு ஈக்கள் இருந்தன. டிரேயில் மிதந்த பிரிண்ட்டில் பன்னிரண்டு.

அப்துல் சுபான் சிவப்பு பல்புக்கு அடியில் குனிந்து மறுபடி எண்ணினார். கண்ணோரம் நாலு, மூக்கின் மேல் இரண்டு, கன்னத்தில் ஐந்து. அது போக மேல் உதட்டின் விளிம்பில், வாய்க்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒன்று. முப்பது வருசமாகக் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்த்த கண் அது; எள்ளளவு திருகாணியைக்கூட எண்ணித்தான் பழக்கம். தூசியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் தூசிக்கு இறக்கை இருக்காது.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, வீட்டின் பின்கட்டில் மரத்தட்டி வைத்து அடைத்த இருட்டறைக்குள் வந்திருந்தார். தர்மபுரி ஒளிப்பட மன்றத்தில் பதினாலு பேர் இருந்தும் படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜர் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அதனால் மாசாமாசம் போட்டிக்கு வரும் படங்களை எல்லாம் அவர்தான் பிரிண்ட் போடுவார். போன மாதப் போட்டிக்குத் தலைப்பு ‘முதுமை’. முதல் பரிசு, கடத்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்த கிருஷ்ணப்பனுக்கு. ஒரு கிழவியின் முகம், முகம் நிறைய ஈக்கள். அந்தப் படத்தைப் பற்றித்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் கிருஷ்ணப்பன் பேசப்போகிறார். அதற்குப் பெரிய சைஸில் ஒரு பிரிண்ட் வேண்டும்.

எழுபத்து நாலாம் வருசத்து வைகாசி. தகரக் கூரை வழியாக இறங்கிய வெக்கையில் படம் கழுவுகிற ஹைப்போவின் நெடியும், டெவலப்பரின் காரமும், அவருடைய வேர்வையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் அப்பியிருந்தன. அவற்றுக்கு அடியில், பழக்கமில்லாத இன்னொரு வாடை, புளித்துப்போன வெல்லப்பாகு மாதிரி, இனிப்பும் அழுகலுமாக மெல்லக் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரேயை முகர்ந்தார். துணியை முகர்ந்தார். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. இரண்டாவது பிரிண்ட் போட்டார்.

பதின்மூன்று. புதிதாக வந்தது கீழ் உதட்டில் உட்கார்ந்திருந்தது.

அவசரமாக அதை டிரேயிலிருந்து எடுத்தார். வெக்கையில் பேப்பரின் மேல்பூச்சு இளகியிருந்தது. கிழவியின் கன்னம் அப்படியே வழுக்கி, வெந்த தோல் மாதிரி உரிந்து, அவருடைய கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. உதறினார். போகவில்லை. நகக்கண்ணுக்குள் புகுந்து பிசுபிசுத்தது. வேட்டியில் தேய்த்தார். வேட்டியிலும் ஒட்டியது.

அந்தக் கிழவியின் பெயர் ராமக்காள். படம் எடுத்த அன்று சுபானும் கூட இருந்தார்.

மன்றத்தார் ஆறு பேர் படமெடுக்க என்று பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி சித்தேரி மலையடிவாரம் போயிருந்தார்கள். ஒரு குடிசை வாசலில், கயிற்றுக் கட்டிலில், சுவரில் சாய்த்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள் அவள். பக்கவாதம், கை இரண்டும் வராது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். கிருஷ்ணப்பன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, காரிலிருந்து வெல்லப்பாகு டப்பாவை எடுத்து வந்தார். விரலில் தொட்டு அவள் கண்ணோரத்திலும் மூக்கிலும் கன்னத்திலும் தடவினார், பொட்டு வைக்கிற பக்குவத்தோடு. சுபான் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து, வெயிலை அவள் முகத்துக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

ஈக்கள் வர ரொம்ப நேரம் ஆகவில்லை.

“சாமீ, மொகத்துல என்னமோ ஊருதுங்க” என்றாள் ராமக்காள். “கொஞ்சம் ஓட்டி வுடுங்க.”

“ஆடாத ஆயா” என்றார் கிருஷ்ணப்பன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆடுனா பறந்துரும். பாய், வேட்டிய இன்னும் கொஞ்சம் தூக்குங்க.”

சுபான் தூக்கிப் பிடித்தார்.

முடிந்ததும் எல்லோரும் காரில் ஏறினார்கள். முகத்தைத் துடைத்துவிட வேண்டும் என்று சுபானுக்குத் தோன்றாமல் இல்லை. யாராவது துடைப்பார்கள் என்று இருந்துவிட்டார். போட்டியன்று கை தூக்கி ஓட்டுப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

மூன்றாவது பிரிண்ட்டை அவர் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை. வாய் திறந்திருந்தது, உள்ளே கறுப்பாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

“ஏங்க” என்று வெளியிலிருந்து கதவைத் தட்டினாள் மனைவி நசீம் பானு. “உள்ள என்ன செத்துக் கெடக்குது? வூடே நாறுது.”

“ஒண்ணுமில்ல. மருந்து வாடை.”

“மருந்து வாடை எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள். மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு பேசுவது குரலில் தெரிந்தது.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. பருக்கை ஒவ்வொன்றும் நாக்கில் காலூன்றி நகர்வது மாதிரி இருந்தது. இலையை மடித்து எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை கடைக்கு மாது வந்தான். பஸ் கண்டக்டர், மன்றத்தில் இருக்கிற ஆட்களில் இளையவன். பாப்பிரெட்டிப்பட்டி ரூட்டில்தான் அவனுக்கு டியூட்டி.

“பாய், நம்ம போட்டோ ஆயா செத்துப்போச்சுங்க.”

சுபான் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். “எப்போ?”

“மக மாங்கா பறிக்கற வேலைக்கு வெளியூரு போயிருந்துச்சாம். வந்து பாத்தா கட்டில்லயே கெடக்குதாம். செத்து மூணு நாளாச்சுன்னு சொன்னாங்க.” மாது குரலைத் தாழ்த்தினான். “மொகம்னு ஒண்ணு இல்லவே இல்லியாம் பாய். பூரா ஈ. தூக்கறதுக்குக்கூட ஆளு வரலியாம்.”

“கிருஷ்ணப்பண்ணனுக்குத் தெரியுமா?”

“சொன்னேங்க. இன்னும் நல்லதாப் போச்சு, நாளைக்குப் பேசறப்ப சொல்லலாம்னாரு.” மாது சிரித்தான். பிறகு சுபானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சுபான் கடையைச் சாத்திவிட்டு நேரே வீட்டுக்குப் போனார். நெகட்டிவை எடுத்துக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கினார். மூன்று பிரிண்ட்டையும் சேர்த்து வெந்நீர் அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். கறுத்துச் சுருளும்போது கொழுப்பு உருகுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக வழிந்தது. வாந்தி எடுத்தார். எடுத்த பிறகு மனசு கொஞ்சம் லேசானது. நாளைக்கு மன்றத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். வெல்லப்பாகு, வேட்டி, துடைக்காமல் வந்தது, எல்லாம். அதன் பிறகு அந்தப் படியை மிதிக்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. நல்ல வெயில். மன்றம் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் கூடும். படியேறும்போதே கிருஷ்ணப்பனின் குரல் கேட்டது. நடுவில் கைதட்டல். பிறகு குரல். பிறகு கைதட்டல்.

படியில் அந்த வாடை இருந்தது. அவர் முழங்கையால் மூக்கை மூடிக்கொண்டார்.

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினார்.

மேடையில் முக்காலி மேல் வெறும் சட்டம் நின்றது. உள்ளே படம் இல்லை. கிருஷ்ணப்பன் அந்த வெறும் சட்டத்தைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

“பொறுமை வேணுங்க. அவசரப்படக் கூடாது. அதுங்களா வந்து உக்காரணும்.”

பேசும் அவருடைய கீழ் உதட்டின் மேல் ஒரு ஈ நடந்தது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு. அவர் நிறுத்தவில்லை. அது உள்ளே போனது. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

சுபான் பெஞ்சுகளைப் பார்த்தார்.

எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோரும் நேராக உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணோரத்தில் ஈ. மூக்கில் ஈ. கன்னத்தில் கொத்தாக ஈ. மாதுவின் வலது கண்ணின் வெள்ளை மேலேயே ஒன்று காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவன் இமைக்கவில்லை. ஒருத்தரும் இமைக்கவில்லை. ஒரு கையும் முகத்துக்குப் போகவில்லை.

ஆனால் ரசித்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் அது தெரிந்தது.

கிருஷ்ணப்பன் ஏதோ சொல்லி நிறுத்தினார். கைகள் எழுந்தன. தட்டின. மறுபடி மடியில் விழுந்தன. தட்ட மட்டும்தான் எழுந்தன.

“வாங்க பாய்” என்றார் கிருஷ்ணப்பன். வாய்க்குள் இரைச்சல் கேட்டது. “நின்னுட்டே இருக்கீங்க. வேட்டி புடிச்சவரு நீங்கதானே.”

எல்லாத் தலைகளும் திரும்பின. புன்னகைத்தன.

சொல்ல வந்ததைச் சொல்லச் சுபான் வாயைத் திறந்தார்.

உதட்டில் ஏதோ உட்கார்ந்தது. ஈரமாக. சின்னதாக. ஆறு கால்.

ஓட்டிவிடக் கையைத் தூக்கினார். இரண்டு கையும் எழுந்தன. முகத்துக்கு வரவில்லை. நெஞ்சுக்கு நேராக வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, தட்ட ஆரம்பித்தன.