வெளியே வைக்காத தம்ளர்

வாஷிங் மெஷின் நின்ற பிறகும் எதுவோ தட்டியது.

டக். டக்.

எவர்சில்வர் சத்தம். சஃப்ரின் மெஷினைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னாலிருந்த சுவரைத்தான் பார்த்தாள். "ஆரம்பிச்சாச்சா," என்று உதட்டைச் சுழித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமி ஹைருன் பீவியின் அறை. புருசன் போனவள் தனித்திருக்கும் இத்தா நடக்கிற வீடு அது, மக்களே. மாமனார் துல்கர்னைன் மௌத்தானதிலிருந்து அந்த அம்மா அறையை விட்டு வெளியே வருவதில்லை. வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. காலி தம்ளரை வாசலில் வைப்பாள், சஃப்ரின் டீயை ஊற்றிவிட்டுப் போவாள். கொஞ்சம் தாமதமானால் போதும், தம்ளராலேயே சுவரில் தட்டுவாள். அச்சன்புதூரில் சஃப்ரினுக்குப் பிடிக்காதவை எத்தனையோ. இந்தச் சத்தம்தான் முதல்.

முந்தின ராத்திரி கதவுக்குப் பின்னாலிருந்து மாமி கேட்டாள். "ஏட்டி, நெஞ்சை அடைக்குது. சூடா ஒரு வாய் டீ தாயேன்."

"மெஷின்ல துணி போட்டா ஒங்களுக்கு நெஞ்சு அடைக்கும், தெரியுமே."

"அதுக்கில்ல மவளே. அது ஒரு மாதிரி சுத்துது. இத்தா முடியட்டும், பெறவு ஆளைக் கூப்பிட்டுப் பாப்போம்."

"கல்லுல அடிச்சுத் தொவைச்சவங்களுக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? டீ வேணும்னா காலையில தம்ளரை வெளிய வைங்க."

காலையில் வாசலில் தம்ளர் இல்லை. வீம்பு என்று முடிவுகட்டி, மாமி பங்கு டீயையும் தானே குடித்துவிட்டு, நேற்று அவள் போர்த்திக் கழற்றிப் போட்டிருந்த வெள்ளைத் துப்பட்டியை வேண்டுமென்றே மெஷினில் திணித்தாள். அப்போதிலிருந்துதான் இந்தத் தட்டல்.

குற்றால மலை கண்ணுக்கே தெரியவில்லை. நடுப்பகலிலேயே அந்தி இருட்டை இறக்கி வைத்திருந்த சாரலில், கொடியில் மூன்று நாளாய்க் காயாத துணிகளின் புளித்த வாடையும் சுவரில் பூத்த பூஞ்சையின் மண்வாடையும் சோப்பு மணத்தோடு கலந்து பின்கட்டு முழுக்கக் கனத்துக் கிடந்தன. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர் வடியாமல் நின்றது. மேலே சிவப்பு எழுத்து மினுங்கியது.

தென்காசி மெக்கானிக் பிரின்ஸை வீட்டுக்குள் அழைக்க முடியாது. மெஷினுக்கு வர மாமியின் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். போனில்தான் அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்துச் சொன்னாள்.

"மோட்டார் ஸ்பீடு எரர்க்கா. போர்டு சொல்லுத வேகம் ஒண்ணு, மோட்டார் சுத்துத வேகம் ஒண்ணு. பிளக்கைக் கழட்டுங்க. பின் மூடியைத் தொறந்து, பெல்ட் மாட்டியிருக்க பெரிய சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க. லேசாச் சுத்தணும்."

"இதுக்கு ஒரு மெக்கானிக் வேற," என்று முனகியபடி பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்தாள். மெஷினை இழுத்து, மாமியின் சுவருக்கும் அதற்கும் நடுவே முதுகை ஒட்டி நுழைந்து, மூடியின் திருகாணிகளைக் கழற்றினாள்.

டக். டக்.

"தம்ளரை வெளிய வைக்காம டீ கிடையாது மாமி! தட்டுங்க, கை வலிக்கட்டும்!"

"யாருக்கா தட்டுதா?"

"எங்க மாமி. வேற வேலை?"

சக்கரத்தைத் தள்ளினாள். லேசாகத்தான் சுழன்றது. கையை எடுத்ததும் நிற்க வேண்டியது நிற்கவில்லை. மறுபக்கமிருந்து யாரோ பிடித்து மெல்ல இழுப்பதுபோல் இன்னொரு பாதிச் சுற்று போய், பிறகு திரும்பி வந்தது. தண்ணீர் கனமாக இருக்கும், அதுதான் ஆட்டுகிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டு மறுபடி பிடித்தாள். ரப்பர் பெல்ட் விரலுக்கடியில் வெதுவெதுப்பாக இருந்தது. கைச்சூடு மாதிரி.

"அக்கா, பிளக்கைக் கழட்டச் சொன்னேம்லா?"

"கழட்டியாச்சு."

"நல்லாப் பாருங்கக்கா. டிரம் ஓடுத சத்தம் இங்கன வரைக்கும் கேக்குது."

"லூசு," என்றாள் சஃப்ரின்.

டக். டக்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சுவரில் தட்டினால் முதுகு அதிர வேண்டும். முதுகு முழுக்கச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. அதிரவில்லை. சில்லென்று, ஓசையே இல்லாமல் இருந்தது சுவர்.

நெஞ்சுதான் அதிர்ந்தது. மெஷினில் பட்டிருந்த நெஞ்சு.

எப்படி வெளியே வந்தாள், தெரியாது. முழங்கை சிராய்ந்திருந்தது. நேரே மாமியின் கதவுக்குப் போனாள்.

"மாமி."

கதவில் காதை வைத்தாள்.

"மாமி, டீ போடட்டா? சூடா?"

இத்தனை மாதத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. கதவைத் தள்ளினாள்.

ஹைருன் பீவி சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். கை சுவரை நோக்கி நீண்டிருந்தது. விரல்கள் தம்ளரைப் பிடிக்கிற வளைவில் இறுகியிருந்தன. தம்ளர் இல்லை. கன்னத்தைத் தொட்டாள். இன்றைய குளிர் அல்ல அது. ராத்திரியே வந்துவிட்ட குளிர்.

அப்படியானால் காலையிலிருந்து...

டக். டக்.

பின்னால்.

"அக்கா? அக்கா, லைன்ல இருக்கீங்களா?" ஜன்னலில் பிரின்ஸின் குரல்.

சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். பிளக் தரையில் கிடந்தது. எழுத்து அணைந்திருந்தது. டிரம் சுற்றியது. தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல, அவ்வளவு மெதுவாக.

வெள்ளைத் துப்பட்டி மேலே வந்தது.

நின்றது.

ஈரத் துணி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உள்ளிருந்து அழுத்தியதில் விரல் விரலாகப் புடைத்தது. அந்த விரல்களுக்கு நடுவே எவர்சில்வர் தம்ளர். அதன் வாய் அவளைப் பார்த்து இருந்தது.

உள்ளே அத்தனை தண்ணீர். தம்ளரில் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

டக்.

காத்திருந்தது.

டக்.