ஜன்னலோர மந்திரி

அவளை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். சதுரங்கப் பலகை முன்னால் உட்கார்ந்தால் முதல் சிப்பாயை நகர்த்தவே அவளுக்கு மூன்று நிமிடம் ஆகும். ஆளுக்குப் பத்து நிமிடம்தான் ஆட்டம்; காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினால்தான் தன் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். பத்தும் கரைந்துபோய்த் தோற்றுவிடுவாள்.

“அப்படி என்னதான் யோசிக்கிற?” என்று மாஸ்டர் ஒருநாள் கேட்டார்.

“இது போனா அது வரும், அது வந்தா இன்னொண்ணு வரும்னு... அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு, மாஸ்டர்.”

பள்ளி அணியில் ஓர் இடம்தான் பாக்கி இருந்தது. அதற்காக வெள்ளிக்கிழமை அவளும், சூறாவளி என்று பேரெடுத்த பையனும் ஆட வேண்டும். அவன் காயை வைக்கிற வேகத்தில் பக்கத்துப் பலகையே அதிரும்.

நூலகப் புத்தகத்தில் அவளுக்கு ஒரு பக்கம் கிடைத்தது. மற்ற ஆட்டங்களில் எல்லாக் காய்களும் நடுக்கட்டங்களுக்கு முண்டியடித்தன. இந்த ஆட்டம் ஓரத்தில் தொடங்கியது. முதலில் குதிரை வெளியே வரும். பிறகு வலது ஓரத்திலிருந்து இரண்டாவது சிப்பாய் ஒரே ஒரு கட்டம் முன்னே போகும். அது விட்ட இடத்தில் மந்திரி வந்து உட்காருவார். அங்கிருந்து எதிர்மூலைவரைக்கும் சாய்வாக ஒரு நீளமான பாதை.

‘ஜன்னலோர இருக்கை மாதிரி’ என்று நினைத்துக்கொண்டாள். அந்த மந்திரியை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

வீட்டில் தங்கையை எதிரே உட்காரவைத்து ஆடிப் பார்த்தாள். தங்கைக்கு ஆறு வயது. குதிரைகளை மட்டும்தான் நகர்த்துவாள், அதுவும் கனைத்துக்கொண்டே.

“ஏய், சிப்பாயையும் நகர்த்துடி.”

“அதுக்கு வால் இல்லையே, அக்கா!”

தங்கை குதிரைகளை எங்கே ஓட்டினாலும் அக்காவின் முதல் ஐந்து நகர்த்தல்கள் மாறவே இல்லை. குதிரை, சிப்பாய், மந்திரி, ராஜாவுக்குக் கோட்டை கட்டுவது, இன்னொரு சிப்பாய். சட்டென்று அவளுக்குப் புரிந்தது. இந்த ஐந்துக்கும் யோசிக்கவே வேண்டாம். யோசனையையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வெள்ளைக் காய்கள் வந்தன. ஐந்து நகர்த்தலும் அரை நிமிடத்தில் முடிந்தன.

“என்ன ஆமை, காலுல சக்கரம் கட்டிட்டியா?” என்றான் சூறாவளி. சொல்லிவிட்டு இன்னும் வேகமாக ஆடினான்.

ஆட்டம் பாதிக்கு வந்தபோது அவள் தன் கனவுக்குள் போய்விட்டாள். மாலை வெயில் பலகைமேல் சாய்ந்து கிடந்தது. அவளுடைய குதிரையே மந்திரியின் பாதையை மறைத்துக்கொண்டு நின்றது. அது தாவினால்? தாவிய இடத்திலிருந்து அவன் ராணியை மிரட்டும். பாதை திறந்துகொள்ளும். மந்திரியின் பார்வை மூலையில் நிற்கும் யானைமேல் விழும். இரண்டையும் அவனால் காப்பாற்ற முடியாது.

மெதுவாகத் தலைநிமிர்ந்தாள். சூறாவளி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். ஆமை வழக்கம்போலத் தன் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு நினைப்பு. ஆனால் கடைசி நகர்த்தலுக்குப் பிறகு அவன் கடிகாரத்தை அமுக்கவே இல்லை. அவள் யோசித்த அத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய நேரம். அதில் ஒரே ஒரு நிமிடம்தான் மிச்சம்.

ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். உலகத்திலேயே அது அவளுக்குத்தான் நன்றாக வரும். அணியில் இடமும் கிடைத்துவிடும்.

ஆனால் குதிரை தாவாது. மந்திரி மூடிய ஜன்னலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

“நீ கடிகாரத்தை அமுக்கலை” என்றாள்.

“ஐயையோ!” அவன் பதறி அமுக்கினான்.

குதிரை தாவியது.

அவன் பலகையைப் பார்த்தான். ராணியைத் தள்ளிவைத்தான். மந்திரி அந்த நீளமான பாதை முழுக்க நடந்துபோய் யானையை எடுத்தார். இன்னும் நாலைந்து நகர்த்தல்கள். பிறகு சூறாவளி தன் ராஜாவைத் தானே படுக்கவைத்தான். மாஸ்டர் பட்டியலில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

சூறாவளி எழுந்து போகவில்லை.

“அந்த மந்திரி எப்ப அங்க வந்து உட்கார்ந்தாரு?”

“மூணாவது நகர்த்தல்லயே வந்துட்டாரே.”

“நான் பார்க்கவே இல்லை.”

தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கமாக வந்தான். அங்கிருந்து குனிந்து, மந்திரி நடந்த பாதையைப் பார்த்தான்.

“இங்கேருந்து எவ்வளவு தூரம் தெரியுது!” என்றான்.

அவள் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.