பன்னிரண்டாவது துணி

காலை 10.40. டக்கார் அருங்காட்சியகத்தின் கீழ்க்கூடத்தில் பதினொரு துணிகள் தொங்கின. பன்னிரண்டாவதன் இடத்தில் வெறும் மரக்கம்பு. மாலை ஐந்து மணிக்குத் திறப்பு விழா.

காணாமல் போனது மஞ்சாக் இனக் குடும்பம் ஒன்றின் கல்யாணத் துணி. அதன் சொந்தக்காரரான மூதாட்டி அகுஸ்தீன் மென்டி, கண்காட்சிப் பொறுப்பாளர் சொக்னாவின் பக்கத்தை விட்டு நகரவில்லை. துணி கிடைக்காவிட்டால், அடுத்த மாத முகமூடிக் கண்காட்சிக்கு எந்தக் குடும்பமும் எதையும் நம்பித் தராது. சொக்னா இரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிச் சம்பாதித்த நம்பிக்கை அது.

10.55. இன்ஸ்பெக்டர் பக்காரி சானே வந்தார். கம்பில் துணியைப் பிடித்திருந்த ஊசிகள் ஒரு காபித் தட்டில் வரிசையாக இருந்தன. எந்தத் திருடனுக்கு இவ்வளவு பொறுமை?

ஒன்பதரைக்குத் துணி இருந்தது. அதன் பிறகு ஒருவரும் மூட்டையோடு வெளியே போகவில்லை என்றார் காவலாளி. கிடங்கில் பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் சுருள் மட்டும் குறைந்திருந்தது.

வந்து சேரும் துணிகளை என்ன செய்வீர்கள் என்று சானே கேட்டார். பிளாஸ்டிக்கில் சுற்றி, கிடங்கின் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைப்போம் என்றார் சொக்னா. நூலுக்குள் இருக்கும் பூச்சி முட்டைகள் அந்தக் குளிரில் செத்துவிடும்.

"இதையும் வச்சீங்களா?"

சொக்னா குரலைத் தாழ்த்தினார். "நேத்து சாயங்காலந்தான் சார் வந்துச்சு. பெட்டியில வேற எடமில்ல."

11.20. சானே சிற்றுண்டிச்சாலைக்குப் போனார். சமையல்காரி யாந்தே ஃபாய் ஒரு வாரத்துக்கான மீன் முழுவதையும் ஒரே மூச்சில் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் கொடுத்த பிஸ்ஸாப் பூச்சாறு, ஜில்லென்று இருக்க வேண்டியது, வெதுவெதுவென்று இருந்தது.

யாந்தே செரேர், சானே ஜோலா. இரண்டு இனமும் கேலி முறைக்காரர்கள். பார்த்த இடத்தில் வம்பிழுக்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு.

"செரேர் வீட்டுல ஐஸுக்குக்கூடப் பஞ்சமா? எங்க ஜோலா ஆளுங்ககிட்டக் கேட்டிருந்தா பிச்சை போட்டிருப்போமே."

"இன்னிக்கு அப்படித்தான் சார்," என்றாள் யாந்தே, வாணலியைப் பார்த்தபடி.

சானே குவளையைக் கீழே வைத்தார். சொக்னாவை மட்டும் அழைத்துவரச் சொன்னார்.

11.35. "துணிய எடுத்தது யாந்தே. இங்க மீன் வைக்கிற உறைபெட்டியிலதான் இருக்கு," என்றார். "ஊசி இருந்தது இந்தக் கடைத் தட்டுல. மீன் வெளிய, சாறு சூடு. அப்ப பெட்டிக்குள்ள என்ன? அதுகூட அப்புறந்தான் தோணுச்சு. நான் வம்பிழுத்தேன், இவ 'சார்'ன்னா. செரேர்காரி ஜோலாக்காரன சார்னு கூப்பிட்டா, நெஞ்சுல ஏதோ கனக்குதுன்னு அர்த்தம்."

யாந்தே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையில் காபி கொண்டுபோனபோது அந்தத் துணியிலிருந்து ஒரு அந்துப்பூச்சி பறந்ததாம். விட்டால் மற்ற பதினொன்றையும் அரித்துவிடும்.

"அகுஸ்தீனம்மா உறவுக்காரங்களக் கூட்டிவந்து பெருமையாக் காட்டிட்டிருந்தாங்க. அவங்க முன்னால எப்படிக்கா சொல்றது? அவங்க நகர்ந்ததும் எடுத்து பிளாஸ்டிக்ல சுத்தி உள்ள வச்சேன். உங்க காதுல மட்டும் சொல்லணும்னு பாத்தா, அவங்க உங்கள விட்டுப் பிரியவே இல்ல."

ஊரார் முன் ஒருவர் மானத்தை மூடிக் காப்பது அங்கே பெரிய கடமை. சொக்னாவால் அவளைத் திட்ட முடியவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. அகுஸ்தீன் உள்ளே வந்தார்.

"அந்தப் பூச்சிக் குடும்பத்த எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும்மா. நானே ஒழிக்க முடியாமத் தவிக்கிறேன். பெட்டிக்குக் கண்ணாடி மூடிதானே? அப்படியே கூடத்துக்குத் தள்ளுங்க."

மாலை ஐந்து மணி. உறைபெட்டியைச் சுற்றித்தான் கூட்டம். குளிர் எப்படி முட்டையைக் கொல்கிறது என்று சொக்னா சலிக்காமல் விளக்க, முகமூடிகளையும் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்களா என்று இரண்டு குடும்பங்கள் கேட்டுப் பெயர் கொடுத்தன. பொரித்த மீன் எல்லாருக்கும் இலவசம்.

சானே மூன்றாவது தட்டோடு வந்து நின்றார்.

"சோறு எங்கன்னு தேடுறியாக்கும்?" என்றாள் யாந்தே. "ஜோலா வயிறு ரொம்பணும்னா இந்த உறைபெட்டி பத்தாது. உன்னையும் அதுல போட்டு மூடினாத்தான் ஊருக்கு மீன் மிஞ்சும்."

சானே நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.