கட்டைகளுக்கு நடுவே ஒரு சுருதி

1972 டிசம்பர் 14, வியாழன். பிற்பகல் 1.15.

தீவின் ஜங்லிகாட் கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடைக்குள் காலி கிளாஸை எடுக்கப் போன டீக்கடை ஆறுமுகம், கிளாஸை எடுக்காமலே வெளியே ஓடி வந்தான். கிளாஸில் டீ பாதி இருந்தது. அதைக் குடிக்க வேண்டியவன் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் செங்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கடைக்காரன் உதயசூரியனுக்கு வயது முப்பத்தொன்று.

1.50. டெய்ரி ஃபார்ம் பகுதிப் பள்ளியிலிருந்து அவனுடைய அக்கா விசாலாட்சி வந்து சேர்ந்தாள். கைவிரலில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. அவள் அழவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் இராமகிருஷ்ணன் ஆறுமுகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்கு டீ குடுத்தே?"

"பரோபர், சரியா பன்னிரண்டே முக்கால் சார். கையில வாங்கினாரு. 'சக்கரை போட்டியா, இல்ல கடலைக் கரைச்சியா'ன்னு கேட்டாரு."

"அப்புறம் யார் வந்தா?"

"ஒர்க்ஷாப்புல ஒரு மணிச் சங்கு ஊதிச்சுன்னா கடையில கும்பல் சார். யார் வந்தா, யார் போனா, எனக்கு மாலூம் இல்ல."

அரை மணி நேரம். அதற்குள் நடந்திருக்கிறது.

கடையில் வேலை பார்த்த அழகேசன் அன்று காலை முதலாளியோடு சண்டை போட்டதைத் தெருவே கேட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கோபித்துக்கொண்டு போனவன் ஒன்றரை மணி வரை கடல் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்ததாகச் சொன்னான். பார்த்தவர் யாரும் இல்லை. மூன்று மணிக்கு முன்பே அவனைப் பிடித்து ஸ்டேஷனில் வைத்தார்கள். அவன் மனைவி சரசு ஏழு மாத வயிற்றோடு ஸ்டேஷன் படியில் வந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கச் சொன்ன கான்ஸ்டபிளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அவன் இல்லை சார்," என்றாள் விசாலாட்சி. "மேல்தட்டுல நேத்து ஒரு வயர்லெஸ் செட்டு இருந்தது. உள்ளே அரசாங்க முத்திரை இருக்குன்னு தம்பி சொன்னான். 'கொண்டு வந்தவர்கிட்ட நாளைக்குள்ள எடுத்த இடத்துல வைக்கச் சொல்லியிருக்கேன், இல்லேன்னா நானே ஸ்டேஷனுக்குப் போவேன்'னான். பேரைச் சொல்லலை."

கடைச் சுவரின் ஆணியில் குத்தியிருந்த ரிப்பேர் சீட்டுகளை இராமகிருஷ்ணன் புரட்டினார். மேலாக இருந்ததில் உதயசூரியனின் கையெழுத்து: 'பாலு சார், செட்டு, வியாழன்.'

பாலு சார் என்றால் பாலசுப்பிரமணியம். ஹேடோ துறைமுகத்தில் ஓர் அரசாங்கக் கிடங்கின் ஸ்டோர் கீப்பர். வெள்ளிக்கிழமை பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர். மூன்றரை மணிக்கு அவரே ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் டேப் ரிக்கார்டர்.

"என் ரேடியோவைத்தான் ரிப்பேருக்குக் குடுத்திருந்தேன். இன்னிக்கு நான் லீவு சார். சனிக்கிழமை கப்பல்ல ஊருக்குப் போறேன். அம்மாவுக்குப் பஜனைப் பாட்டு பதிஞ்சுக்கிட்டு வீட்டுலதான் இருந்தேன். நீங்களே கேளுங்க."

சக்கரம் சுற்றியது. அவர் குரல் வந்தது: "இன்னிக்கு டிசம்பர் பதினாலு, வியாழக்கிழமை. அம்மா, உனக்காக." பிறகு ஆர்மோனியம். இடைவெளி இல்லாமல் அரை மணி நேரம். நட்டநடுவில், ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒர்க்ஷாப் சங்கு நீளமாக ஊதி அடங்கியது.

"ஒரு மணிச் சங்கு," என்றார் பாலசுப்பிரமணியம். "முன்னால கால் மணி, பின்னால கால் மணி. நான் எங்கே சார் போயிருக்க முடியும்?"

இராமகிருஷ்ணன் மூன்று முறை கேட்டார். டேப்பில் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. மெஷினையும் டேப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்.

டிசம்பர் 15, வெள்ளி. நண்பகல் 12.30.

தம்பியை எரித்துவிட்டு வந்த விசாலாட்சிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கால்கள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டன.

"நானும் ஒரு தடவை கேக்கலாமா சார்?"

இராமகிருஷ்ணன் மெஷினை ஓடவிட்டார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அது வாங்கிய நாள் நினைவுக்கு வந்தது. போன வருஷம், ஒரு மதியச் சாப்பாட்டு வேளை. தம்பியின் கடையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பாலசுப்பிரமணியம் இரண்டு மெஷினை எதிரில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுல எது வேகம்?"

"கரண்ட்டுல ஓடறதுதான் சார் வேகம். டேப் வேகமா ஓடினா சத்தம் தெளிவா இருக்கும், ஆனா அரை மணியில தீர்ந்துரும். பேட்டரி மெஷின் மெதுவா ஓடும், ஒரு மணி நேரம் பதியலாம். நம்ம ஊருக்கு அதான் சரி."

"ஏன், நம்ம ஊருக்கு என்ன?"

"கரண்ட் மெஷின் பவர் ஹவுஸை நம்பி ஓடணும் சார். அங்க இன்ஜின் மூச்சு வாங்கினா, இங்க இதுவும் மூச்சு வாங்கும்."

"உனக்கு மாசாமாசம் பேட்டரி விக்கணும். அதானே?"

உதயசூரியன் சிரித்துவிட்டு, அவர் கேட்ட கரண்ட் மெஷினையே எடுத்துக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் புது டேப்பில் எதையோ பேசிச் சோதித்தான். அவள் தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

இப்போது டேப்பில் பாட்டு ஓடியது. வெள்ளிதோறும் கோயிலில் அவள் பாடுகிற பாட்டு. பாலசுப்பிரமணியம் எப்போதும் ஒன்றரைக் கட்டையில்தான் வாசிப்பார், வேறு கட்டைக்கு அவர் விரல் போகாது. விசாலாட்சி தன்னையறியாமல் கூடவே முனகினாள். மேல் ஸ்தாயியில் தொண்டை இழுத்துப் பிடித்தது.

நிறுத்தினாள்.

"என்ன டீச்சர்?"

"அவர் குரல் கொஞ்சம் மெலிசா, இளசா இல்ல?"

"பயம்னா குரல் மெலியும்," என்றார் இராமகிருஷ்ணன்.

"பயம் சரி. கொலை நடந்தது தெரியாத நேரத்துல பதிஞ்சதா சொல்றாரே, அப்ப என்ன பயம்?"



மாலை 5.00.

வேலை விடுகிற சங்கு ஊதியது. மதியச் சங்குக்கும் இதற்கும் ஒரே தொண்டைதான். மார்கழி பிறக்கும் சமயத்தில் தீவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். தெருவில் அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்குப் போட்டார்கள். விசாலாட்சி வீட்டுப் பல்பு மஞ்சளாகச் சோர்ந்தது. மின்விசிறி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் மெதுவாயிற்று.

அவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கினாள்.

டிசம்பர் 16, சனி. நண்பகல் 12.20.

கப்பல் நாலு மணிக்கு. ஹேடோவிலிருந்து அதன் முதல் ஊதல் கேட்டது. போனால் அடுத்த கப்பலுக்கு இரண்டு வாரம். போனவர் திரும்பாவிட்டால் அழகேசனுக்கு எத்தனை வருஷமோ. சரசு இன்னும் படியில்தான் இருந்தாள்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட பாலசுப்பிரமணியத்தை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் உள்ளே வந்தபோது, மேசைமேல் டேப் ரிக்கார்டரின் பக்கத்தில் தன் ஆர்மோனியம் இருப்பதைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"டீச்சர் கேட்டாங்க, ஆள் அனுப்பி எடுத்து வந்தோம்," என்றார் இராமகிருஷ்ணன். "உக்காருங்க."

"கப்பலுக்கு நேரமாகுது சார். டேப்பைக் குடுத்தா அம்மாவுக்குக் கொண்டு போவேன்."

"ஜல்தி வேண்டாம். அந்தப் பாட்டு எந்தக் கட்டையில வாசிச்சீங்க?"

"எப்பவும் போலத்தான். ஒன்றரை."

விசாலாட்சி உட்காராமலே பேசினாள். "முதல்ல வேற டேப்பைப் போடுங்க சார்."

அவள் ஒன்றரைக் கட்டையை அழுத்தி ஆர்மோனியத்தைப் பதிந்தாள். திரும்ப ஓடவிட்டு, அதே கட்டையை அழுத்தினாள். டேப்பும் பெட்டியும் ஒரே குரலாக ஒலித்தன.

"இப்ப அவரோட டேப்."

பாட்டு வந்தது. ஒன்றரைக் கட்டையை அழுத்தினாள். பல் கூசியது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கூட முகத்தைச் சுளித்தார். டேப்பின் சுருதி மேலே நின்றது.

"அன்னிக்கு ரெண்டு கட்டையில வாசிச்சிருப்பேன்," என்றார் பாலசுப்பிரமணியம். "மறந்திருக்கும்."

விசாலாட்சி இரண்டு கட்டையை அழுத்தினாள். மறுபடியும் பல் கூசியது. இப்போது டேப் கீழே நின்றது.

"ஒன்றரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல இந்தப் பெட்டியில கட்டையே கிடையாது," என்றாள். "வீணைன்னா கம்பியை முறுக்கலாம். ஆர்மோனியத்துல இல்லாத சுருதியை எந்த விரலாலயும் வாசிக்க முடியாது. பெட்டி மாறலை. மாறினது மெஷினோட ஓட்டம்."

"புரியற மாதிரி சொல்லுங்க டீச்சர்."

"பதியறப்ப டேப் மெதுவா ஓடியிருக்கு சார். மெதுவா பதிஞ்சதை நல்ல கரண்ட்டுல போட்டா வேகமா ஓடும். சுருதி ஏறும், குரல் மெலியும். பதிஞ்ச நேரத்துல பவர் ஹவுஸ் மூச்சு வாங்கியிருக்கு. அது பகல் இல்ல. ஊரே விளக்குப் போடற நேரம்."

"ஒரு மணிச் சங்கு கேக்குதேம்மா," என்றார் பாலசுப்பிரமணியம். குரல் இப்போது உண்மையாகவே மெலிந்திருந்தது.

"சங்குதான் கேக்குது. ஒரு மணின்னு நீங்கதான் சொன்னீங்க. அது புதன்கிழமை அஞ்சு மணிச் சங்கு. தம்பி உங்களுக்குக் கெடு வெச்ச அன்னிக்குச் சாயங்காலம். மறுநாள் தேதியைச் சொல்லிப் பதிஞ்சு வெச்சுட்டீங்க. வியாழக்கிழமை இருட்டறதுக்குள்ள டேப் ஸ்டேஷனுக்கு வந்துருச்சு. அதனால புதன் தவிர வேற நாளும் இல்ல."

"வியாழன் மத்தியானமும் கரண்ட் குறைஞ்சிருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

"ஜெகநாதனுக்குத் தெரியும்," என்று இராமகிருஷ்ணன் டெலிபோனை எடுத்தார். பவர் ஹவுஸில் ஷிப்டு பார்க்கும் ஜெகநாதன் கரண்ட் நொடிக்கு எத்தனை சைக்கிள் ஓடுகிறதென்று மணிக்கு மணி மீட்டர் பார்த்து எழுதுகிறவர். பேச்சு அரை நிமிஷம்தான். இராமகிருஷ்ணன் திருப்பிச் சொன்னார்:

"வியாழன் ஒரு மணி, சரியா ஐம்பது சைக்கிள். புதன் அஞ்சு மணி, நாற்பத்தெட்டு. தீக் ஹை, அது போதும்."

பாலசுப்பிரமணியம் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடி, கொக்கியை மாட்டினார். அது அவர் கையின் பழக்கம்.

"உதயசூரியனைக் கொன்னது நீங்கதான்," என்றாள் விசாலாட்சி. சத்தம் போடாமல் சொன்னாள். "வேகமான மெஷினைக் கேட்டு வாங்கினீங்க. வேண்டாம்னு அவன் சொன்னான். காரணத்தையும் சொன்னான். பேட்டரி மெஷின் வாங்கியிருந்தா சுருதி மாறியிருக்காது, இன்னிக்குக் கப்பல் ஏறியிருப்பீங்க."

2.10. ஹேடோ துறையில் பாலசுப்பிரமணியத்தின் படுக்கைச் சுருளைப் பிரித்தார்கள். நடுவில், இரண்டு போர்வைக்குள், முத்திரையோடு அந்த வயர்லெஸ் செட்டு. கடலில் எறிய அவருக்கு மனசு வரவில்லை.

3.00. அழகேசனை விட்டார்கள். சரசு எழுந்திருக்க முடியாமல் கையை நீட்டினாள். அவன் தூக்கிவிட்டு, விசாலாட்சியிடம் வந்து நின்றான். "காலையில நான் அண்ணனை ரொம்பப் பேசிட்டேன் அக்கா."

"அவனும் பேசியிருப்பான்," என்றாள். "போய்ச் சாப்பிடு."

மாலை 5.20.

கப்பல் போய்விட்டது. ஸ்டேஷனில் விளக்குப் போட்டிருந்தார்கள். டேப்பை அரக்கு வைத்து மூடுவதற்கு முன், இராமகிருஷ்ணன் விசாலாட்சியைக் கூப்பிட்டார்.

"மறுபக்கத்தையும் போட்டுப் பார்த்தேன் டீச்சர். நீங்க கேக்கணும்."

சக்கரம் சுற்றியது. கடைவீதிச் சத்தம். பிறகு உதயசூரியன்:

"ஒண்ணு, ரெண்டு, மூணு. சோதனை. அக்கா, அந்தப் பேனாவைக் கீழ வெச்சுட்டு இங்க வந்து நாலு வார்த்தை பேசேன். உன் குரல் இதுல எப்படி வருதுன்னு பாப்போம். வர மாட்டா சார், பசங்களுக்கு முட்டை போட்டுக்கிட்டிருக்கா."

அவ்வளவுதான். ஆனால் குரல் அவனுடையதாக இல்லை. பகலில் பதிந்த டேப் விளக்கு நேரத்தில் மெதுவாக ஓடியது. குரல் தாழ்ந்து, கனத்து, ஐம்பது வயது ஆளின் குரலாக வந்தது.

இராமகிருஷ்ணன் மெஷினை நிறுத்தப் போனார். "இப்ப கரண்ட் சரியில்ல. நாளைக்கு மத்தியானம் வாங்க, சரியாக் கேக்கும். அதுவரைக்கும் அரக்கு வைக்காம வெச்சிருக்கேன்."

"நாளைக்கும் வரேன் சார்," என்றாள் விசாலாட்சி. மூன்று நாளில் முதல் முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "இதையும் இன்னொரு தடவை போடுங்க. வயசான பிறகு எப்படிப் பேசியிருப்பான்னு தெரிஞ்சுக்கறேன்."