குமிழி இல்லாத படங்கள்

எட்டாவது படத்தில் நிரோஜாவின் வாயிலிருந்து குமிழி வரவில்லை.

கமலாசனி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாயாற்றுக் கரையிலிருந்து படகில் இருபது நிமிடம் தள்ளி, எட்டு மீற்றர் ஆழத்தில், முருகைப் பவளக்கற்களுக்கு நடுவே மணலில் முழங்காலூன்றிக் கமராவின் சின்னத் திரையைப் பார்த்தபோது, தன் கை பழகிவிட்டது என்றுதான் நினைத்தாள். காலையில் படகில் வைத்துக் கொலின்ஸ் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். முன்பு கடலட்டை பிடிக்கச் சுழியோடியவன். இப்போது லீவில் வருகிறவர்களுக்குக் கடலடியைக் காட்டுகிறான்.

"மூச்சு விடேக்க அமத்தாதேங்கோ அக்கா. குமிழி முகத்தை மறைச்சுப்போடும். விட்டு முடிய, அடுத்த மூச்சுக்கு முன்னம் ஒரு இடைவெளி வரும். அதுக்குள்ள அடியுங்கோ. ஃபிளாஷ் எண்டா நல்லாக் கிட்டப் போகவேணும். தள்ளி நிண்டா மிதக்கிற மண்ணெல்லாம் வெள்ளைப் புள்ளியா விழும்."

"அவ்வளவு கிட்ட வந்தா இவா படம் எடுக்கமாட்டா அண்ணை, நெத்தியில கை வைச்சுக் காய்ச்சல்தான் பாப்பா," என்றாள் நிரோஜா.

எஞ்சினடியில் இருந்த கொலின்ஸின் தகப்பன் மத்தேயுவும் சிரித்துவிட்டார். கமலாசனிக்குச் சிரிப்பு வர ஒரு கணம் பிடித்தது. பங்குனியில் அம்மா செத்த பிறகு தங்கை சொன்ன முதல் பகிடி அது.

ஆறு வருடம். பகலில் கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாட்டில் தாதி வேலை, இரவில் உருத்திரபுரத்து வீட்டில் படுக்கையோடு கிடந்த அம்மா. தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. கடைசி நாளில் அம்மா அவளுடைய கையைப் பிடித்து, "சின்னவளை விட்டிடாதை" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு சின்னவள் சாப்பிட மறந்தாள், வேலைக்குப் போவதை விட்டாள், வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலடியில் தண்ணீரைப் பார்த்தபடி மணிக்கணக்காக நின்றாள். கமலாசனி நித்திரையிலும் ஒரு காதைத் திறந்தே வைத்திருந்தாள். ஆவணியில் ஒருநாள், போனில் யாரோ போட்டிருந்த மீன் படங்களைக் காட்டி, "அக்கா, இதைக் கிட்டப் பாக்கவேணும்" என்று நிரோஜா கேட்டபோது, மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துக் கமராவையும் வாங்கினாள். எதையாவது கேட்டாளே என்ற ஆறுதல்தான்.

முதல் ஏழு படங்களும் மோசம். ஒன்றில் பாதித் தலை, ஒன்றில் செட்டை கட்டிய கால், மற்றதெல்லாம் குமிழிக் கூட்டம். தண்ணீருக்கடியில் எல்லாமே கிட்டத் தெரிந்து தள்ளி இருந்தது. காதுக்குள் தன் மூச்சு கரகரத்துப் போய்வந்தது. பவளக்கற்களுக்குள் எங்கிருந்தோ கடுகு வெடிப்பது போல ஓயாத பொரியல் சத்தம். களைப்பு அங்கேயும் கூடவே வந்திருந்தது. இடுப்பில் கட்டிய ஈயக்கட்டியைவிடப் பாரமாக. அப்போது கல்லிடுக்கில் நீல வரி போட்ட ஒரு குஞ்சு மீன் தலையை நீட்டியது. அவள் திரும்பினாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இருக்கும். யாரையும் பார்த்துக்கொள்ளத் தேவையில்லாத இரண்டு நிமிடம். அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை நினைக்க அவளுக்கே வெட்கம்.

முழங்கால் வழுக்கியது. அடிமணல் கிளம்பிப் பால் போல மூடிக்கொண்டது. தன் கையே தெரியவில்லை. வாய்க்குள் காற்றுக் குழாயின் றப்பர் ருசி. பிறகு அதுவும் இல்லை. பொரியல் சத்தம் நின்றது. காதுக்குள்ளிருந்த கரகரப்பும் நின்றது. கழுத்தின் பின்னால் ஏதோ மெல்லத் தொட்டுப் போனது.

மண் அடங்கியபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. வலப்பக்கம் கொலின்ஸ். எதிரே நிரோஜா, மணலில் நேராக நின்றுகொண்டிருந்தாள்.

எட்டாவது படத்தை அப்போதுதான் எடுத்தாள். பிறகு ஒன்பது, பத்து, பதினான்கு வரைக்கும். நிரோஜா ஆடவில்லை, கண் இமைக்கவில்லை. படம் எடுக்க அவ்வளவு வசதியாக நின்றாள். கமலாசனிக்குக் கை நடுங்கவில்லை, இடுப்பு வலிக்கவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக எங்கேயும் வலிக்கவில்லை. கடல் நல்லதுதான் என்று நினைத்தாள்.

கொலின்ஸ் மேலே போகச் சைகை காட்டினான்.

படகில் ஏறியதும் அவன் நிரோஜாவின் சிலிண்டரைக் கழற்றி, காற்றின் அளவு காட்டும் ஊசியைப் பார்த்து விரலால் தட்டினான்.

"என்ன தங்கச்சி, மூச்சே விடேல்லையோ? காத்து அப்பிடியே கிடக்குது."

நிரோஜா சிரித்தாள்.

"மீற்றர் பழுதாக்கும்," என்றார் மத்தேயு. "அதை விடு. தலையைக் காட்டுங்கோ." ஈரக் கையால் ஒவ்வொரு தலையாகத் தொட்டார். "ஒண்டு, ரண்டு, மூண்டு. மூண்டு பேர் இறங்கினது, மூண்டு பேர் வந்தாச்சு." சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு படகைக் கரைக்குத் திருப்பினார். "இனி ஒருத்தரும் திரும்பிப் பாக்கக்கூடாது."

"ஏன் ஐயா?" என்றாள் நிரோஜா.

"தலை எண்ணினாப் பிறகு கடலில இருந்து ஆர் கூப்பிட்டாலும் எங்கட ஆக்கள் திரும்பாயினம் பிள்ளை. தெரிஞ்ச குரலில, பேர் சொல்லித்தான் கூப்பிடும். ஓம் எண்டு திரும்பின படகுகள் கரைக்கு வரேல்லை."

கமலாசனி கமராவைத் துடைத்துப் படங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். பதினான்கு. குமிழி இல்லை. பதின்மூன்று. இல்லை. பன்னிரண்டு, பதினொன்று. இல்லை. ஒரு படத்தில் இடைவெளி பிடிபடலாம். இரண்டில் பிடிபடலாம். ஏழிலும்?

நிமிர்ந்தாள்.

எதிரே நிரோஜா. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் சுட்டது. தண்ணீர் நிற்கவில்லை. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. கமலாசனி நொடிகளை எண்ணினாள். வாட்டில் எண்ணுவது போல. இருபது. நாற்பது. அறுபது.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா!"

மத்தேயு எஞ்சினை முறுக்கினார். கொலின்ஸ் கண்ணை மூடிக்கொண்டான், உதடு செபித்தது.

"அக்காவை விட்டிட்டுப் போகாதேங்கோ! நாங்கள் இஞ்ச!"

நிரோஜாவின் குரல். தொண்டை கிழிய, உப்புத் தண்ணீரை விழுங்கி விழுங்கி. மூச்சு வாங்கியபடி.

எதிரே இருந்தது கமலாசனியின் முழங்காலில் கை வைத்தது. கல் போலக் குளிர். "போவம் அக்கா," என்றது. அன்பாகத்தான்.

கமலாசனி திரும்பினாள்.

அலைகளுக்கு நடுவே நிரோஜா. மாஸ்க் நெற்றியில். ஒரு கையை உயர்த்தி அசைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு தலை. ஒரு பெண். நிரோஜாவின் இடுப்பை விடாமல் அணைத்து, அவளை மேலே தாங்கித் தாங்கி, தான் தாழ்ந்து தாழ்ந்து வந்துகொண்டிருந்தாள். அந்தத் தோளில் எவ்வளவு களைப்பு. நிரோஜாவை இன்னொரு முறை உந்திவிட்டு அந்தப் பெண் படகை நிமிர்ந்து பார்த்தாள்.

கமலாசனியின் முகம்.

படகை நிறுத்தச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தாள். கத்துவதற்கு மூச்சை இழுக்கவேண்டும். இழுத்துப் பார்த்தாள். எப்படி இழுப்பது என்று தெரியவில்லை.

மத்தேயு திரும்பவில்லை. தூரத்தில் அந்த முகம் தண்ணீருக்குள் போனது. தங்கையைப் பிடித்திருந்த கை மட்டும் மேலே நின்றது.